நடை வேகத்தில் ஒரு இழுவைப் பெட்டி

எங்கள் நிறுவனத்துக்கு, உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டுகிற இழுவைப் பெட்டிகள் புதிதாக வந்திருக்கின்றன, வந்து பார்த்துவிட்டுப் போங்கள் அண்ணன் என்று இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் கூப்பிட்டார்கள். போனேன். அவற்றின் சில்லைச் சுழலவிடுகிற பெயரிங், கிரீஸ் அடைத்து மூடியே வருகிறதாம். கழற்றிக் கழுவிக் கிரீஸ் பூசுகிற வேலை இல்லையாம். நல்ல விஷயம். என் நகக்கண்ணில் இருந்த கறுப்புப் போவதற்கு ஓய்வுபெற்ற பிறகு ஒரு மழைக்காலம் முழுவதும் எடுத்தது. அவர்களுக்கு அந்தக் கறுப்பு வராது.

முன்னம் இதையெல்லாம் எப்படிப் பராமரித்தீர்கள் என்று கேட்டார்கள். சுருக்கமாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் சொல்லாமல் விட்டது என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. மத்தியானம் கண்ணை மூடினால் ஒரு மணல் பாதை தெரிகிறது. இரு பக்கமும் காடு. நடுவே நடை வேகத்தில் போகிற ஒரு பெட்டி. அதற்குப் பின்னால் நடந்து வருகிற இரண்டு பேர். கனவா நினைவா என்று பிரிக்க முடியாமல் போவதற்குள் எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஊர் உடப்பு. அப்பா கரைவலைக்காரர். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை. தோணியில் கால் வைத்தாலே தலை சுற்றும். புத்தளத்தில் ஒரு உப்பளத்தில் மிசின் ஓட்டப் பழகினேன். உழவு இயந்திரத்தை எங்கள் பக்கத்தில் மிசின் என்றுதான் சொல்வோம். உப்பு ஏற்றிய பெட்டி இரண்டு மாரிக்குள் சல்லடையாவதை அங்கே கண்ணால் கண்டேன். இரும்பைத் தின்கிற காற்றடிக்கிற ஊரில் இரும்பை எப்படி வைத்திருப்பது என்பதுதான் என் படிப்பு. யுத்தம் முடிந்த கையோடு, இடம்பெயர்ந்த சனங்களுக்குத் தண்ணீரும் கூரைத் தகடும் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு உதவி நிறுவனத்தில் சேர்ந்தேன். பாலாவிக்குக் கிட்ட, களப்பின் உப்புக் காற்று நேரே வந்து முகத்தில் அடிக்கிற இடத்தில், மிசின்களும் பெட்டிகளும் நிறுத்துகிற அதன் முற்றம் இருந்தது.

முற்றத்துக்குப் பொறுப்பு பவுலின் மிஸ். தலவிலப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம், கிறிஸ்தவ வேதக்காரர். அதற்கு முன்னர் துணிக் களஞ்சியமொன்றைப் பார்த்தவர். மிசினைப் பற்றி எதுவும் தெரியாதென்று வந்த முதல் நாளே எங்களிடம் சொன்னார். ஆனாலும் ஒரு பெட்டி முற்றத்தைவிட்டுப் போவதென்றால் அவர் எழுந்து வந்து அதை ஒருமுறை சுற்றி நடப்பார். கதைக்க மாட்டார். நடக்கிறபோது கை பெட்டியின் விளிம்பிலேயே இருக்கும், மாட்டைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி. பின் விளக்கைப் பார்ப்பார். டயரைக் கட்டைவிரலால் அமத்துவார். கடைசியில் முன்னால் வந்து, மிசினையும் பெட்டியையும் இணைக்கிற தடித்த ஆணியையும், அது கழன்றால் பிடித்துக்கொள்ளப் போட்டிருக்கும் சங்கிலியையும் கையால் இழுத்துப் பார்ப்பார். பிறகுதான், "போயிட்டு வாங்க" என்பார். அதைச் சொல்லாமல் ஒருவரும் இஞ்சினைக் கிளப்புவதில்லை.

ஒருநாள் நான் வெறும் பெட்டியோடு, வாசலைக் குறுக்கறுக்கிற தண்ணீர்க் கானைத் தாண்டி உள்ளே வந்தேன். மிஸ் அறைக்குள் எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார்.

"வீரபத்திரன், அது இண்டைக்கு வேற மாதிரிக் கதைக்குது. என்னண்டு ஒருக்காப் பாருங்க."

எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. படுத்துக் கீழே பார்த்தேன். குலுக்கலைத் தாங்கும் வில்லுப் பட்டைகளை அச்சோடு சேர்த்துக் கட்டும் வளைகம்பியில் ஒரு நட் இளகி இருந்தது. அவருக்கு நட் தெரியாது. சத்தம் தெரியும். அவர் ஒவ்வொரு நாளும் அந்தக் கானின் மேல் பெட்டிகள் விழுந்தெழும்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் எழுதியிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதன் பிறகு நானும் காதைத் தீட்டத் தொடங்கினேன்.

பெட்டியைப் பார்க்கிறது பெரிய வித்தை இல்லை. பாரத்தை அச்சுக்கு மேலேயும் கொஞ்சம் முன்னுக்கும் ஏற்ற வேண்டும். பின்பாரம் ஏறினால் அது மிசினின் பிடரியைத் தூக்கும். பாதையில் நாய் வால் மாதிரி ஆடும். கொஞ்சத் தூரம் ஓடியதும் நிறுத்தி, சில்லு நட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். பிறகு சில்லின் நடுக் குடத்தில் புறங்கையை வைக்க வேண்டும். உள்ளங்கை காய்த்துப்போனது, பொய் சொல்லும். புறங்கை சொல்லாது. இளஞ்சூடு என்றால் போகலாம். கையை எடுக்கச் சொன்னால் நிற்க வேண்டும். ஓடிச் சூடான குடத்தோடு தண்ணீருக்குள் இறங்கவே கூடாது; சூட்டிரும்பு குளிர்கிறபோது தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பலகைத் தளத்தின் ஓட்டைகளில் மண் அடையாமல் குத்திவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, களப்போரம் போய் வந்த பெட்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் பரீதாவை முதன்முதலில் தெரியவந்தது.

கரைத்தீவில், யுத்த காலத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம் சனங்களின் குடியிருப்புக்கு நான் தண்ணீர்த் தாங்கி கொண்டுபோவேன். அது கடும் வெயில் காலம். குடங்களின் வரிசை பாதை நெடுகப் போய் ஒரு மரத்தடியில் வளைந்து திரும்பும். நான் கடைசியில் கொஞ்சத் தண்ணீரை வாளியில் பிடித்து அச்சிலும் வில்லிலும் ஊற்றுவேன். வரிசையில் நின்ற ஒரு இளம் தாய் முன்னுக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"இந்த இரும்பு குளிக்கிற தண்ணியில என்ட ரெண்டு புள்ளயும் குளிக்கும்" என்றார்.

கழுவாவிட்டால் பெட்டி அழியும், பெட்டி அழிந்தால் தண்ணீரே வராது என்று சொல்லலாம்தான். ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளும் அவருடைய சீலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாளியை அவருடைய குடத்தில் கவிழ்த்துவிட்டுத் திரும்பினேன். பவுலின் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் தாங்கியின் அடியில் மண்டியோடு தங்கிவிடுகிற, ஒருவரும் குடிக்க எடுக்காத தண்ணீரை முற்றத்துக்கே கொண்டுவரச் சொன்னார். அதில் பெட்டி குளித்தது. அடுத்த முறை பரீதாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் தையற்காரி, குடியிருப்பில் பாதிப் பேரின் உடுப்பு அவருடைய தையல் மெசினில் தைத்தது. கணவர் ஜுனைதீனை நாங்கள் அண்ணன் முறையில் நானா என்போம்; கூலிக்குத் தோட்டம் கொத்துவார், மிச்ச நேரம் வடக்கே பார்த்துக்கொண்டிருப்பார்.

வில்பத்துக் காட்டை ஊடறுத்து மன்னார்ப் பக்கம் போகிற பழைய பாதை திறந்ததும், சனங்கள் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பிப் போகத் தொடங்கினார்கள். கூரைத் தகடும் சீமெந்தும் நிறுவனம் கொடுத்தது. கொண்டுபோய் விடுகிறது எங்கள் வேலை. பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் ஜுனைதீன் நானாவின் முறை வந்தது. முசலிப் பக்கத்தில் அவருடைய வாப்பாவின் காணி. அரும்பு மீசை வயதில் அங்கிருந்து வந்தவர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதால் அவர்களைப் பரீதாவின் தங்கையிடம் விட்டுவிட்டு, புருசனும் பெண்சாதியும் மட்டும் முதலில் போய்க் காடு வெட்டிக் கொட்டில் போடுவதாக ஏற்பாடு.

விடிய ஏற்றினோம். சீமெந்து மூடைகள் அச்சுக்கு மேலே. தகடுகள் தட்டையாக. தையல் மெசின், தண்ணீர்ப் பீப்பா, பாய், சட்டி பானை. மேலே தார்ப்பாய்ப் படங்கு போட்டு இழுத்துக் கட்டினேன். பரீதா பிள்ளைகளை முத்தமிட்டுவிட்டு வந்து மிசினின் பின்சில்லுக்கு மேலிருக்கும் மட்காட்டில் ஏறி உட்கார்ந்தார். அழவில்லை. பின்னால் திரும்பியும் பார்க்கவில்லை.

எலுவன்குளத்தில் கலா ஓயா சப்பாத்துப் பாலத்தின் மேலால் ஓடிக்கொண்டிருந்தது. அது ஆற்றின் முதுகோடு முதுகாகப் படுத்திருக்கிற தாழ்ந்த பாலம். ஓரக் கட்டைகளின் வெள்ளைப் பூச்சுத் தெரியும்வரை இறங்கக் கூடாது என்பது ஒழுங்கு. குடமும் ஆற வேண்டும். மருத மரங்களுக்குக் கீழே காத்திருந்தோம். வெயில் இலைகளுக்கூடாக விழுந்து ஓடுகிற தண்ணீரில் காசு காசாக மினுங்கியது. ஒரு மீன்கொத்தி திரும்பத் திரும்ப ஒரே கொப்பிலிருந்து பாய்ந்தது. நேரம் என்று ஒன்று இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு அமைதி. ஜுனைதீன் நானா மட்டும் ஆற்றங்கரையில் அங்குமிங்கும் நடந்தார். பரீதா வேரொன்றில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தார்.

வெள்ளை தெரிந்ததும் கடந்தோம். அக்கரையில் நிறுத்தி இரு பக்கமும் புறங்கையை வைத்தேன். குளிர்ச்சி. போனோம்.

காடு எங்களை உள்ளே எடுத்துக்கொண்டது. பாலை, வீரை மரங்கள், இடையிடையே வெளியாகத் திறக்கிற வில்லு. வில்லு என்றால் காட்டுக்குள் மழைநீர் தேங்கி நிற்கிற பெரிய பள்ளம். கரையில் மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேய்ந்தன. இஞ்சின் சத்தமே தூரத்தில் யாரோ ஓட்டுகிற வேறொரு மிசினின் சத்தம் மாதிரி இருந்தது. அந்த மயக்கத்துக்குள்தான் மணம் வந்தது. கருகிய கிரீஸ் மணம்.

நிறுத்தினேன். இடது குடத்தில் புறங்கை படவே இல்லை. கிட்டப் போகும்போதே சுட்டது. வலது சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து அணைத்தேன். மணலில் ஜக் புதையாமல் பலகை போட்டுத் தூக்கினேன். ஆறவிட்டுச் சில்லைக் கழற்றினேன். உள்ளே கிரீஸ் பால் மாதிரி வெளுத்துப் போயிருந்தது, ஆறிய குடத்துக்குள்ளும் எப்படியோ தண்ணீர் போயிருக்கிறது. வெளிப் பெயரிங் நல்லபடி இருந்தது. உள்ளே இருந்ததில் இரண்டு உருளைகள் வெடித்திருந்தன. வெளிப் பெயரிங்குக்கு மாற்று என்னிடம் இருந்தது. உள்ளதுக்கு இல்லை. போனில் சிக்னல் கோடு விழவில்லை.

இருவரிடமும் உள்ளபடி சொன்னேன். இதைக் கழுவி, புதுக் கிரீஸ் அடைத்துப் பூட்டலாம். பாதிப் பாரத்தை இறக்கிவிட்டு நடை வேகத்தில் உருட்டலாம். அதற்கு மேல் போனால் சில்லு கழன்று ஓடும். ஏறக்குறைய நடுவில் நிற்கிறோம். பின்னுக்குப் போனால் எலுவன்குளம், முன்னுக்குப் போனால் உங்கள் ஊர். வெளிச்சம் இருக்கும்போதே காட்டைவிட்டு வெளியேற வேண்டும். எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

ஜுனைதீன் நானா உடனே முன்னுக்கு என்றார். பரீதா என்ன சொல்கிறார் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று அப்போது தோன்றியது. ஏனென்றால் அவர் என்னைப் பார்க்காமல் கணவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"எனக்கு அங்க ஒரு மரத்தையும் தெரியாது. என்னைத் தூக்கிக்கொண்டு வரக்குள்ள நான் நினைவு தெரியாத சின்னப்புள்ள. எனக்குத் தெரிஞ்ச ஊரு கரைத்தீவு மட்டுந்தான். நீங்க போகோணும் எண்டீங்க, வாறன். எனக்கு ஆசையா எண்டு ஒருநாளும் நீங்க கேக்கல்ல."

காட்டுக்குள் எங்கோ ஒரு மயில் கத்தியது.

"அங்க எங்கட கிணறு இருக்கு, பரீதா" என்றார் ஜுனைதீன் நானா. "இத்தின வருசமா அந்தத் தண்ணியத்தான் நான் கனவுல குடிக்கிறன். நீ குடத்த வச்சிக்கொண்டு வெயிலுக்க நிக்கக்குள்ள எல்லாம் எனக்கு அந்தக் கிணறுதான் நினைவு வரும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "திருப்புங்க, வீரண்ணன். பின்னுக்கே போவம்."

நான் கிரீஸ் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பரீதா பெட்டிக்குக் கிட்டப் போய்ப் படங்கின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"சீமெந்தையும் தகட்டையும் இறக்குங்க" என்றார். "மெசின் இறங்காது. கண்ணால பாக்காம நான் திரும்ப மாட்டன்."

மூடைகளை இறக்கிப் பாதையோரத்தில் அடுக்கி, படங்கால் மூடினோம். நான் பெயரிங்கைப் பெற்றோலில் கழுவினேன். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பெயரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு நடுவால் அது மறுபக்கம் புழு மாதிரி வெளியே வரும்வரை அடைத்தேன். அவசரப்பட்டால் நடுவில் காற்று நிற்கும். குடத்தைப் பூட்டி நட்டை முழுக்க இறுக்கி, பிறகு சற்றே இளக்கி, ஊசி ஆணியைப் போட்டு மடக்கினேன். அந்த நேரத்தில்தான் காட்டிலாகா உத்தியோகத்தர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சிங்களவர். இந்தக் காட்டில் ஒருவரும் இறங்கி நடக்கக் கூடாது, யானை திரிகிற இடம் என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் கழற்றிவைத்த வெடித்த உருளைகளைக் காட்டினேன். பாரம் ஏற்றினால் இது தாங்காது, சில்லு ஆடுகிறதா என்று பின்னால் நடந்து பார்க்கவும் ஆள் வேண்டும் மாத்தயா என்றேன். உருளையை விரலால் புரட்டிப் பார்த்தார். அடுத்த காவலரணில் தொலைபேசி இருக்கிறது, பாலாவியில் உங்கள் கந்தோருக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனார். சொன்னபடி திரும்பியும் வந்தார். பிறகு வழிமுழுக்க எங்களுக்குப் பின்னால் இஞ்சினைத் தணித்து வந்துகொண்டிருந்தார்.

அப்படித்தான் நாங்கள் போனோம். நான் மிசினில், முதல் கியரில். பின்னால் பெட்டி, அதில் ஒரு தையல் மெசினும் பாயும் பானையும். அதற்குப் பின்னால் ஜுனைதீன் நானாவும் பரீதாவும் நடந்து. அவர்களுக்குப் பின்னால் காட்டிலாகா மனிதர். கொஞ்சத் தூரத்துக்கு ஒருமுறை நிறுத்திக் குடத்தைத் தொடுவேன். ஆறும்வரை நிற்போம். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் கதைத்துக்கொண்டே வந்தார்கள். என்ன கதை என்று கேட்கவில்லை. கூரைக்குக் கீழே, பிள்ளைகளின் சத்தத்துக்குள், ஒட்டுக் கேட்கிற மெல்லிய தகரச் சுவர்களுக்கு நடுவே அத்தனை வருசமாகக் கதைக்காத கதையாக இருக்க வேண்டும். ஒருமுறை ஜுனைதீன் நானா கையை நீட்டி ஏதோ மரத்தைக் காட்டினார். பரீதா அந்த மரத்தை நின்று பார்த்தார்.

ஓரிடத்தில் காட்டிலாகா மனிதர் மெதுவாக விசிலடித்தார். இஞ்சினை நிறுத்தினேன். முன்னால், பாதையில், ஒற்றை யானை. சேறு காய்ந்து சாம்பல் பூத்த உடம்பு. அது எங்களை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. காதை விசிறிக்கொண்டு வெகுநேரம் நின்றது. சூடான இரும்பு ஆறுகிற டிக் டிக் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. ஜுனைதீன் நானா பரீதாவின் முன்னால் வந்து நின்றிருந்தார். பரீதா அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். யானை போன பிறகும் நாங்கள் ஒருவரும் அசையவில்லை. எங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் கதவைத் திறந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தோம். ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. முள்ளு உடை மரமும் நாயுண்ணிப் பற்றையும். ஜுனைதீன் நானா பற்றைக்குள் புகுந்து புகுந்து தேடினார். வீட்டின் சீமெந்து நிலம் மட்டும் மிஞ்சியிருந்தது. கிணற்றில் பாதிக்கு மேல் மண்ணும் கொப்பும். அவர் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். பரீதா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சீமெந்து நிலத்தில் ஏறினார். ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு நடந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, மெசினை இந்த மூலையில் வையுங்கள், இங்கே வெளிச்சம் வரும் என்றார்.

முன்னரே திரும்பி வந்திருந்த ஒரு குடும்பம் எங்களுக்குச் சோறு தந்தது. மறுநாள் காலையில் வேன் ஒன்றில் பவுலின் மிஸ்ஸே புதுப் பெயரிங்கோடு வந்து இறங்கினார். வழியில் கிடந்த சீமெந்தையும் தகட்டையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பாலத்தில் இறங்கு முன்னர் குடம் ஆறியிருந்ததா என்று மட்டும் கேட்டார். ஓம் மிஸ் என்றேன். தலையாட்டினார். நான் பெயரிங்கை மாற்றுகிற நேரம், வேனில் இடம் இருக்கிறது, விரும்பினால் எங்களோடு பிள்ளைகளிடம் திரும்பலாம் என்று பரீதாவிடம் சொன்னார்.

பரீதா பற்றை வெட்டிக்கொண்டிருந்த கணவரிடம் போனார். எங்களுக்குக் கேட்காத தூரத்தில் இரண்டு பேரும் கதைத்தார்கள். திரும்பி வந்து, "புள்ளயளுக்கு வெள்ளிக்கிழமை வருவன் எண்டு சொல்லுங்க, மிஸ். இங்க முதல்ல கிணறு இறைக்கோணும்" என்றார்.

கிணறு இறைத்தார்கள். தண்ணீர் நல்லதாகவே வந்தது. ஆனாலும் அந்தக் குடும்பம் ஒரேயடியாக அங்கே போய்விடவில்லை, இங்கேயே நின்றுவிடவுமில்லை. பிள்ளைகள் கரைத்தீவில் படித்தார்கள். லீவுக்கு அங்கே போனார்கள். ஜுனைதீன் நானா அங்கே நெல் விதைத்தார். பரீதா இரண்டு இடத்திலும் தைத்தார். பஸ் ஓடத் தொடங்கும்வரை, நான் அந்தப் பக்கம் பாரம் ஏற்றிப் போகும்போதெல்லாம் அவர் மட்காட்டில் உட்கார்ந்து வந்தார், எங்களோடே திரும்பினார்.

கரைத்தீவில் ஏறும்போது பார்க்கிறவர்கள் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். ஊருக்குப் போறன் என்பார். அங்கே இருந்து திரும்ப ஏறும்போதும் யாராவது கேட்பார்கள். அப்போதும் அவர், ஊருக்குப் போறன் என்றுதான் சொல்வார்.